கச்சான் காற்றும் கரியடுப்பும்

துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜின் அறையிலேயே முப்பத்தொரு வருஷத்தைக் கழித்தவர் தேவபிரசாதம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை, மனைவி கிருபையின் கரியடுப்புக்குக் காவல் இருப்பது. அந்த வேலையையும் போன மாதம் ஒரு சின்னப் பெட்டி வந்து பறித்துக்கொண்டது.

அடுப்பு உண்மையில் கிருபையின் தம்பி ஷாமுடையது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன், மூடி போட்ட பெரிய உருண்டை அடுப்பு ஒன்றை வாங்கி, இரண்டு தடவை கோழி சுட்டுத் தின்றுவிட்டு, மில்லர்புரத்தில் அக்கா வீட்டுப் பின்புறம் அதைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். தூத்துக்குடி உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? கால்களில் துரு ஏறுவதைப் பார்த்த கிருபைக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள். சும்மா கிடக்கிற கருவி எதைக் கண்டாலும் அவளுக்குப் பொறுக்காது.

முதல் தடவை அவள் சுட்ட ஆட்டுத் தொடை வெளியே கரியாகவும் உள்ளே ரத்தமாகவும் இருந்தது. நடுவில் எங்கேயாவது கறி இருக்கும், தேடிப் பார்ப்போம் என்று தேவபிரசாதம் சொன்னார். கிருபை சிரிக்கவில்லை. உள்ளே போய் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் மூன்று நாள் கழித்து ஒரு முடிவோடு எழுந்தாள். இறைச்சியை நெருப்பில் காட்டவே கூடாது. கரியை ஒரு ஓரமாகவும் இறைச்சியை எதிர் ஓரமாகவும் வைத்து, மூடியைப் போட்டு, அடுப்புக்குள் சூட்டை நூற்றிருபது டிகிரியிலேயே ஆறேழு மணி நேரம் நிறுத்த வேண்டும். கரி மேல் இரண்டு கொய்யாக் கட்டையைப் போட்டால் அந்தப் புகையிலேயே இறைச்சி வெந்து, வாசனை ஏறி, எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும்.

சொல்வது சுலபம். அடுப்பின் அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை ஒரு நூல் அளவு கூடுதலாகத் திறந்தால் சூடு நூற்றறுபதுக்கு ஏறும். ஒரு நூல் கூடுதலாக அடைத்தால் எண்பதுக்கு விழும். விளாத்திகுளம் பக்கத்து உடைமரக் கரி வேறு, பிடித்துக்கொண்டால் பேய் மாதிரி எரியும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தேவபிரசாதம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, துவாரத்தின் தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருப்பார். மனிதருக்கு அது பிடித்திருந்தது. இன்ஜின் அறையை வீட்டுக்கே கொண்டுவந்த மாதிரி இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பெர்சி, அப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் காய்கிறாரே என்று இரக்கப்பட்டுத்தான் அந்தப் பெட்டியை அனுப்பினாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. அதிலிருந்து இரண்டு ஊசிக் கம்பிகள் கிளம்பின. ஒன்றை அடுப்புக்குள் தொங்கவிட வேண்டும், மற்றதை இறைச்சியில் குத்த வேண்டும். மூன்றாவது வயரின் நுனியில் உள்ளங்கை அகல விசிறி ஒன்று. அதை அடித் துவாரத்தில் பொருத்தி, மற்ற இடைவெளிகளை அலுமினியப் பட்டையால் ஒட்டி அடைத்துவிட்டால், அடுப்புக்குள் போகிற காற்றெல்லாம் அந்த விசிறி வழியாகத்தான் போக முடியும். சூடு குறைந்தால் விசிறி சுற்றும், சரியானால் நின்றுவிடும். எத்தனை டிகிரி என்பது கிருபையின் போனிலேயே தெரியும்.

பெட்டி வந்த நாளிலிருந்து தேவபிரசாதத்தின் நாற்காலிக்கு வேலையில்லை. போதாததற்குக் கிருபை ஒரு சட்டமும் போட்டாள். மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்ளே சூடு படக்கென்று இறங்கும். நெருப்பு அணைகிறது என்று பெட்டி நினைத்து விசிறியை முழு வேகத்தில் சுற்றும். மூடியை மறுபடி மூடும்போது கரியெல்லாம் பற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் அந்தச் சூட்டை இறக்குவதற்குப் பெட்டிக்கு வழி கிடையாது. அதற்கு ஊதத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது. இதைப் புரிந்துகொள்ள தேவபிரசாதத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் புரிந்துகொள்வது வேறு, திறக்காமல் இருப்பது வேறு.

இப்படி இருக்கும்போதுதான் ஜெயசிங் மாஸ்டரின் விருந்து வந்தது. கிருபை பாடும் சபைப் பாடகர் குழுவை ஜெயசிங் நடத்த ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் நிறைந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழுவில் பதினெட்டுப் பேருக்கும் தன் வீட்டில் சாப்பாடு என்று கிருபை சொல்லிவிட்டாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாஸ்டருக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பல்செட் கட்டியிருந்தார்கள். அது இன்னும் வாய்க்குப் பழகாமல், மனிதர் ரசம் சாதத்திலும் தயிர் சாதத்திலுமே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு கறி என்றால் எழுந்து உட்கார்கிற ஆள். அவர் மென்று தின்கிற மாதிரி இறைச்சி வேக வேண்டும். குழுவில் யாரும் இதை வெளியே சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் அதுதான் கவலை.

சனிக்கிழமை சாயங்காலமே பேச்சிராஜா கறிக்கடையிலிருந்து நான்கு ஆட்டுத் தொடைகள் வந்தன. கிருபை மிளகு, பூண்டு, உப்பு, உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் சேர்த்து அரைத்து, அழுத்தித் தடவி ஊறவைத்தாள். விடிந்தும் விடியாமலும் ஐந்தரை மணிக்கு அடுப்பு பற்றியது. ஏழு மணிக்குச் சேலை மாற்றி, பாட்டுப் புத்தகத்தோடு வந்து பெட்டியைப் பார்த்தாள். நூற்றிருபது. பாடகர் குழு எட்டு மணிக்கு முன்பே கோயிலில் இருக்க வேண்டும். ஆராதனை முடிய பதினொன்றாகிவிடும்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும், கேட்டேளா. மூடியில மட்டும் கை வைக்காதீங்க," என்றாள்.

"நான் எதுக்கு அதத் தொடுதேன்," என்றார் தேவபிரசாதம்.

எட்டே முக்கால் வரைக்கும் அவர் தொடவில்லை. பேப்பர் படித்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். கொய்யாப் புகை மெல்லிசாக நீலமாக எழும்பி, பின்வீட்டுச் சுவர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான்கு தொடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால்? ஒரே ஒரு தடவை, அரை நிமிஷம். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். நான்கும் செம்பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு, ஒட்டாமல், ஒழுங்காகத்தான் இருந்தன. ஆசை தீரப் பார்த்தார்.

சட்டைப் பையில் போன் துடித்தது. கிருபையிடமிருந்து செய்தி.

"மூடியை மூடுங்க. 96 ஆயிட்டு."

தேவபிரசாதம் மூடியைப் போட்டுவிட்டு, யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். கோயிலில் அப்போது வேதாகமத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசித்துக்கொண்டிருக்கும் நேரம். எழுபது அடி நீளக் கோயிலின் முன்வரிசையில் பாடகர் குழு உட்கார்ந்திருக்கும். அங்கே, குருவானவரின் கண்ணெதிரில், பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்துக்கொண்டு தன்னைப் பிடித்துவிட்டாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. விசிறி ஐந்து நிமிஷம் ஆத்திரமாகச் சுற்றிவிட்டு அடங்கியது. சூடு நூற்று முப்பத்தைந்து வரை போய், மெதுவாக நூற்றிருபதுக்குத் திரும்பியது. இறைச்சிக்குள் குத்தியிருந்த ஊசி அறுபதைக் காட்டியது. இனி அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை என்று அவர் உள்ளே போய்விட்டார்.

ஒன்பதரை வாக்கில் கச்சான் எழுந்தது. கொடியில் காய்ந்த போர்வை பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது. தேவபிரசாதம் போய் அதை எடுத்து வருகிற வழியில் பெட்டியைப் பார்த்தார். அடுப்பு நூற்றுப் பத்தொன்பது, இறைச்சி அறுபத்தெட்டு. எல்லாம் ஒழுங்கு. படியேறும்போது காதுக்கு ஏதோ குறைந்தது. முப்பத்தொரு வருஷம் இன்ஜின் சத்தத்தில் வாழ்ந்தவருக்குச் சத்தம் நிற்பதுதான் பெரிய சத்தம். விசிறி நின்றிருந்தது. சூடு சரியாக இருப்பதால் ஓய்வெடுக்கிறது என்று முதலில் நினைத்தார். பிறகுதான் சமையலறையில் பிரிட்ஜின் உறுமலும் இல்லை என்பது உறைத்தது.

கரண்ட் போயிருந்தது. வாசலுக்குப் போய் விசாரித்தார். காற்றில் வேப்பங்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்துவிட்டதாம், நான்கு தெருவுக்கு இல்லையாம், மத்தியானத்துக்கு முன்னால் வராதாம் என்று தெருமுனையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது பெட்டியின் கண் இருண்டு கிடந்தது. நின்றுபோன விசிறி அடைப்பான் மாதிரி துவாரத்தை மூடிக்கொண்டிருந்தது. காற்றுப் போகாவிட்டால் கரி கால் மணி நேரத்தில் மங்க ஆரம்பித்துவிடும். ஆராதனை நடுவில் கிருபையைக் கூப்பிட முடியாது. பெர்சியைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

பழைய வேலை தன்னைத் தேடி வந்துவிட்டது என்று ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. விசிறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தகட்டை நகர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். ஆனால் முன்பு அவர் பார்த்துக்கொண்டிருந்த, மூடியின் மேலிருந்த முள் வெப்பமானி, பெட்டி வந்த பிறகு கவனிப்பாரில்லாமல் உப்புக் காற்றில் அறுபதிலேயே செத்துக் கிடந்தது. உள்ளே என்ன சூடு என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. கச்சானோ அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. தனக்கென்றால் பரவாயில்லை. ஜெயசிங் மாஸ்டரின் பல்லை வைத்துச் சூதாட அவருக்கு மனம் வரவில்லை.

பெட்டியின் அடாப்டரைக் கையில் எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, பொடி எழுத்தைப் படித்தார். பன்னிரண்டு வோல்ட்.

வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அதன் பாட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தான்.

அதற்கப்புறம் அவர் யோசிக்கவில்லை. கால் வைக்கிற தட்டின் ஸ்குருக்களைக் கழற்றி, பாட்டரியை வெளியே எடுத்துக்கொண்டு வந்து அடுப்பின் பக்கத்தில் வைத்தார். அடாப்டர் வயரைக் கத்தியால் வெட்டும்போதுதான் கொஞ்சம் தயங்கினார். மகள் ஆசையாக அனுப்பிய சாமான். வெள்ளைக் கோடு போட்ட வயர் எது, வெறும் கறுப்பு எது என்று இரண்டு தடவை பார்த்து, மின்முனைகளில் சுற்றினார். பெட்டியின் கண் விழித்தது. விசிறி ஒரு இருமல் இருமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.

அவர் திரையைப் பார்த்தார். நிலையாக வைத்திருக்க வேண்டிய சூடு இருநூற்று இருபத்தைந்து என்றது பெட்டி. அடுப்பு நூற்றுத் தொண்ணூறாம். இறைச்சி நூற்று ஐம்பத்துநான்காம்.

கிருபை திரும்பத் திரும்பச் சொன்னது நூற்றிருபது. இது எங்கேயோ போய் நிற்கிறது, விசிறி வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது, தொடை நான்கும் இப்போது கருகிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணைக் குறைக்கும் பொத்தானில் அவருடைய விரல் போய் உட்கார்ந்தது. அழுத்தவும் செய்தார். இருநூற்று இருபது. இருநூற்றுப் பதினைந்து.

அங்கே விரல் நின்றது. கால் மணி நேரத்துக்கு முன் அறுபத்தெட்டில் இருந்த இறைச்சி, காற்றில்லாமல் அடங்கிக்கொண்டிருக்கும் அடுப்புக்குள் எப்படி நூற்று ஐம்பத்துநான்குக்குப் போகும்? அவர் மூடியின் மேல்துவாரத்துக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினார். புகை கையில் பட்டது, சுடவில்லை. முகர்ந்தார். கருகல் வாசம் எங்கேயும் இல்லை. அடுப்பு சாதுவாக இருந்தது. பெட்டிதான் வேறு ஏதோ பாஷை பேசியது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய படகு ஒன்று இருந்தது. அதன் அளவுமானிகள் எல்லாம் ஃபாரன்ஹீட்டில்தான் காட்டும். தண்ணீர் கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டு, உறைவது முப்பத்திரண்டு. அந்த இரண்டு எண்ணையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். கரண்ட் போனதில் பெட்டிக்குப் புத்தி பேதலித்து, கடையிலிருந்து வந்தபோது இருந்த கணக்குக்கே திரும்பிவிட்டது.

பேனா தேட நேரமில்லை. மூட்டையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, வெள்ளையடித்த பின்சுவரில் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்திரண்டைக் கழித்தால் நூற்றெண்பது. நம்முடைய செல்சியஸில் அது நூறு. அப்படியானால் நம்முடைய பத்து டிகிரிக்கு அவர்களுடையது பதினெட்டு. நூறுக்கு மேல் இன்னும் இருபது வேண்டும். முப்பத்தாறு. இருநூற்றுப் பன்னிரண்டோடு அதைச் சேர்த்தால் இருநூற்று நாற்பத்தெட்டு.

பெட்டி ஐந்து ஐந்தாகத்தான் ஏறியது. இருநூற்று ஐம்பதில் நிறுத்தினார். விசிறி முழு வேகம் எடுத்தது. நூற்றுத் தொண்ணூறு இருநூறாகி, இருநூற்று இருபதாகி, அரை மணி நேரத்தில் இருநூற்று ஐம்பதைத் தொட்டது. விசிறி மூச்சுவிடுகிற மாதிரி மெதுவாக மாறியதும் தேவபிரசாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பாட்டரியின் மேல் வெயில் படாமல் பேப்பரைக் கூடாரமாக மடித்து வைத்தார். மூடியைத் திறக்கும் ஆசை அவருக்கு இப்போது கொஞ்சமும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு ஆட்டோ வந்து நின்றது. கிருபை வந்த வேகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தது. கரண்டோடு வீட்டு வைஃபையும் போயிருந்ததால் ஒன்பதே முக்காலிலிருந்து அவள் போனில் ஒன்றுமே வரவில்லை. அவர்தான் மூடியைத் திறந்ததற்கு வெட்கப்பட்டு, இனிமேல் தெரியக் கூடாது என்று பெட்டியையே பிடுங்கிவிட்டார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கடைசிப் பாட்டில் இரண்டு வரியை மாற்றிப் பாடியதாகவும், ஜெயசிங் மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததாகவும் பிற்பாடு சொன்னாள்.

பின்புறம் வந்தவள் முதலில் ஸ்கூட்டர் பாட்டரியைப் பார்த்தாள். அதிலிருந்து போன வயரைப் பார்த்தாள். பெட்டியின் திரையில் இருநூற்று ஐம்பது என்பதைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. ஆனால் பேச்சு வருவதற்குள் கண் சுவருக்குப் போய்விட்டது. விடைத்தாளில் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படித்தாள். பிறகு உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"நூத்தி இருபத்தொண்ணு," என்றாள்.

"அஞ்சஞ்சாத்தான் ஏறுது. என்ன செய்ய?" என்றார் தேவபிரசாதம்.

"கரண்ட் எப்பம் போச்சு?"

"நீ செய்தி அனுப்பி ஒரு மணி நேரம் கழிச்சு இருக்கும். மூடி ஒரு தடவைதான் திறந்தேன். அது உனக்கே தெரியும்."

கிருபை அவர் பக்கத்தில் வந்தாள். சேலை முந்தானையால் அவர் நெற்றியில் அப்பியிருந்த கரியைத் துடைத்துவிட்டாள். துடைத்ததில் அது காதுவரைக்கும் பரவியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன். இவ்வளவு அழகா ஸ்டெப் போட்டு எழுதுன பையன் ஒருத்தனும் இல்ல," என்றாள்.

தேவபிரசாதம் இருபது வருஷம் இளமையானவர்போல உணர்ந்தார். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், இறைச்சி இருநூறு வந்தால் எடுத்துவிடலாமா என்று விசாரித்தார். அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, தொண்ணூற்று மூன்று, எடுத்துவிடலாம் என்றாள்.

பன்னிரண்டரைக்குப் பாடகர் குழு வந்து சேர்ந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. வேப்பமரத்து நிழலில் பாய் விரித்து, இலை போட்டார்கள். கிருபை அடுப்பின் மூடியைத் திறந்து ஒரு தொடையின் எலும்பைப் பிடித்து இழுத்தாள். எலும்பு மட்டும் சுத்தமாகக் கையோடு வந்தது.

முதல் துண்டு ஜெயசிங் மாஸ்டரின் இலைக்குப் போனது. அவர் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டார். பதினேழு பேரும் வேறெங்கேயோ பார்ப்பதுபோல அவரையே பார்த்தார்கள். மனிதர் மெதுவாக மென்றார், கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மென்றார். பிறகு இலையைக் கிருபை பக்கம் நகர்த்தினார். நான்காவது தடவை நகர்த்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"கடைசிப் பாட்டுல ரெண்டு வரி தப்பாப் பாடுனது யாருன்னு கேக்கணும்னு இருந்தேன். இப்பம் கேக்கல," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எலும்புகளைத் தவிர எதுவும் மிஞ்சாத நேரத்தில் வீட்டுக்குள் பிரிட்ஜ் உறுமியது. தேவபிரசாதத்துக்கு மட்டும்தான் அது கேட்டது.

சாப்பாடு முடிந்ததும் குழுவின் கனத்த குரல்காரர்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டருக்குப் பாட்டரியை மாட்ட உதவிக்கு வந்தார்கள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. ஜெயசிங் மாஸ்டரின் மனைவி விக்டோரியா முழங்கால் வலியால் விருந்துக்கு வந்திருக்கவில்லை. அவருக்கென்று கிருபை முன்னமே எடுத்து வைத்திருந்த பங்கைத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள். மாஸ்டரை வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பு தேவபிரசாதத்துக்கு வந்தது.

கடற்கரைச் சாலையில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் தூக்குச்சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர், பின்சுவரில் பார்த்த கரிக் கணக்கில் அந்த முப்பத்திரண்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். காற்றில் குரல் அடித்துக்கொண்டு போனதால் தேவபிரசாதத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, பழைய படகின் இன்ஜின் அறைக்குள் முதல்நாள் இறங்கியதிலிருந்து ஆரம்பித்தார்.